ஊமைக்கட்டை

குந்தாரப்பள்ளி
2.2.2025

அன்புள்ள சென்னம்மாக்காவுக்கு,

நீங்கள் என் போனை எடுக்காமல் இன்றோடு பதினான்கு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றைக் குறியோடு நிற்கிறது. கடிதமென்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுத்தாக வேண்டும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி முதலில் எழுதிவிடுகிறேன். பல்சக்கரங்களைச் சுழலவிட்டு, சத்தத்தை வைத்துக் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவளுக்கு வேறு மாதிரி எழுத வராது.

நவம்பர் கடைசியில் ஹரிணியின் பிரசவத்துக்காக ஊத்தங்கரைக்குக் கிளம்பினீர்கள். அவள் பயணம் செய்யக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மா மகள் வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று. ஆர்மோனியத்தை ஓசூரில் என் வீட்டில் இறக்கிவைத்து, "எலி கடிக்காம பாத்துக்கமே, அது போதும்" என்றீர்கள். நான் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

காரணம் அந்த இருபத்தைந்தாவது கட்டை. நம் பஜனைக் குழுவில் எல்லாரும் ஊமைக்கட்டை என்று சொல்வது. அழுத்தினால் சுரம் வராது, காற்று மட்டும் 'ஃபுஸ்' என்று போகும். பத்தொன்பது வருடமாக அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். நீங்கள் திரும்பி வருவதற்குள் சரிசெய்து வைத்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். டிசம்பரில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் கோவிந்தப்பன் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் விரிசல் விட்ட ரீடை, சுரம் தரும் அந்தப் பித்தளை நாக்கை, கழற்றிவிட்டுப் புதிது போட்டார். துருத்திக்குப் புதுத் தோல். பெட்டிக்கு வார்னிஷ். நான் பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தேழு கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். கம்பெனியில் செய்வதுபோல ஓர் ஆய்வுத்தாள் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு, பெட்டிக்குள் வைத்தேன்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி ஒத்திகையில் மூடியைத் திறந்தீர்கள். வாசித்துக்கொண்டே வந்து அந்தக் கட்டையில் விரல் பட்டதும், சுட்டதுபோல எடுத்துவிட்டீர்கள். பிறகு அந்தத் தாளைப் படித்தீர்கள். குழுவில் அத்தனை பேரும் பார்க்க என்னைப் பார்த்து, "நீ பாட்டு எழுதறவ இல்ல, டிக் அடிக்கறவ" என்றீர்கள்.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஓட்டைப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழுதியள், நல்லது செய்ய வந்த என்னயச் சொல்லணும்" என்றேன். மறுநாள் காலை இங்கே புது ஆலையில் வேலைக்குச் சேரவேண்டியிருந்தது. சமாதானம் பேச ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

முப்பத்தொரு பாட்டுக்கு நான் வார்த்தை எழுதியிருக்கிறேன், நீங்கள் மெட்டுப் போட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் டிக் அடிக்கிறவள் எழுதியிருக்க முடியுமா அக்கா? அதை மட்டும் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

ரிப்பேர் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். மனம் வரவில்லை, கெட்டுப்போனதைச் சரிசெய்வது எப்படித் தப்பாகும்? உங்கள் அனுமதி இல்லாமல் செய்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உகாதி வருகிறது. இந்த வருடத்துக்குப் பாட்டு எழுதட்டுமா?

இசக்கியம்மாள்

*

பாகலூர்
16.2.2025

இசக்கியம்மாளுக்கு,

உன் கடிதம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. பதினான்காம் தேதிக் காதலர் தினத்துக்கான ரோஜா லாரி ஏறும்வரை எங்கள் பசுமைக்குடிலில் யாருக்கும் சாப்பிடக்கூட நேரமிருக்காது என்பது உனக்குத் தெரியும். நேற்றுதான் விரல்களில் இருந்த முள்ளெல்லாம் எடுத்தேன். கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். புரியாவிட்டால் விட்டுவிடு.

அந்தப் பெட்டி எனக்கு இருபத்தாறு வயதில் கிடைத்தது. மாலூரில் ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது வாங்கினேன். விற்றவர், "ஒரு கட்டை பேசாதும்மா" என்றார். சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். "எல்லாரும் பேசற வூட்டுல ஒருத்தராச்சும் சும்மா இருக்கட்டுமே" என்று சிரித்தார். அப்படித்தான் அது என் வீட்டுக்குள் வந்தது.

எனக்கு மெட்டு எப்படி வரும் என்று நீ ஒருமுறை கேட்டாய். அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது அது நின்றுபோன பிறகு தெரிகிறது. நம் பெண்களுக்கு ஐந்து கட்டை சுதி. அந்தச் சுதியில் மத்திமம் வரவேண்டிய இடத்தில்தான் ஊமைக்கட்டை. மேலே ஏறிக்கொண்டே போகும் விரலுக்கு நடுவில் ஒரு பள்ளம். அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சுற்றிப் போகும்போது, நேராகப் போகிறவர்கள் கண்ணில் படாத ஏதாவது ஒன்று என் கண்ணில் படும். அதுதான் மெட்டு. வேறு ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை.

நீ பள்ளத்தை மூடித் தார்ச்சாலை போட்டுவிட்டாய். விரல் ஏறுகிறது, இறங்குகிறது, எங்கேயும் நிற்பதில்லை. நான்கு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். வருவதெல்லாம் யார் யாரோ போட்ட மெட்டு. கல்யாண மண்டபத்தில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது. பெட்டியும் என்னுடையது போல இல்லை. இடது மூலையில் என் உள்ளங்கை பட்டுப்பட்டு வெளுத்த இடம் ஒன்று இருந்தது. இருட்டில் கை வைத்தாலும் தெரியும். அதன் மேலும் வார்னிஷ்.

பத்தொன்பது உகாதிக்கும் விடாமல் புதுப்பாட்டு பாடினோம். இந்த வருடம் பழைய பாட்டு என்று குழுவில் சொல்லிவிட்டேன். மாரம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பழசு பாடறதுக்கு ரேடியோ இருக்குதுக்கா. நாம எதுக்கு பட்டுப்பொடவ கட்டிக்கினு வரணும்?" என்றாள். 

நீ எழுதியதில் ஒன்று உண்மை. அந்த வார்த்தையை அத்தனை பேர் எதிரில் சொல்லியிருக்கக் கூடாது. மற்றதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பாட்டு எழுத வேண்டாம். மெட்டு இல்லாத வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சென்னம்மா

*

குந்தாரப்பள்ளி
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி கேன்டீனில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபோது சாம்பார் ஆறி ஆடை கட்டியிருந்தது. பள்ளம் புரிந்தது. தார்ச்சாலையும் புரிந்தது. வெளுத்த இடத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. வார்னிஷ் அடிக்கும்போது அந்த இடத்தை நான் பார்த்தேன் அக்கா. "இங்க ரெண்டு கோட்டிங் போடுங்க" என்று கோவிந்தப்பனிடம் சொன்னதும் நான்தான்.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பழைய ரீடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் கழித்த பாகத்தை உடனே குப்பையில் போடமாட்டோம். ஒரு சிவப்புச் சீட்டு கட்டி, என்ன குறை, எந்தத் தேதி, யார் பார்த்தது என்று எழுதித் தனியாகப் பூட்டி வைப்போம். பிறகு கூடிப் பேசி முடிவு செய்வோம். சீட்டின் அடியில் மூன்று கட்டங்கள் இருக்கும். திருத்து, கழி, அப்படியே ஏற்றுக்கொள். மூன்றாவதில் டிக் போட ஆய்வாளரால் மட்டும் முடியாது. அதைப் பயன்படுத்தப்போகிற வாடிக்கையாளரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். இருபது வருடத்தில் அந்தக் கட்டத்தில் டிக் விழுந்து நான் பார்த்தது நான்கோ ஐந்தோதான்.

கைப்பழக்கம், உங்கள் ரீடுக்கும் அப்போதே ஒரு சீட்டு கட்டிவிட்டேன். 'குறை: ஒலி இல்லை' என்று எழுதியிருக்கிறேன். கட்டங்கள் மூன்றும் காலியாகத்தான் இருக்கின்றன. எங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் முனிராஜ் பாகலூர்க்காரர்தான். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கோவிந்தப்பனைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொல்லுங்கள். உங்கள் பள்ளம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கட்டும்.

பாட்டு வேண்டாம் என்றீர்கள். எழுதியாகிவிட்டது. இதையும் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் அடுப்பு மூட்டுங்கள்.

ஆறு மணிச் சங்குக்கு முன் எழுந்தவளே,
அரைத்தூக்கத்தில் பூ அறுத்தவளே,
வருஷம் வருதென்று வாசலைப் பார்க்கிறாய்,
வந்தவள் நீதானே, வருக வருகவே.

இசக்கி

*

பாகலூர்
3.3.2025

இசக்கிக்கு,

ரீடு வந்தது. சீட்டோடு. முனிராஜ் அதை ஏதோ தங்க நகை போலத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோவிந்தப்பன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நல்லாக்கீற பல்லப் புடுங்கிட்டு சொத்தப் பல்லக் கட்டச் சொல்றீங்களே, எந்த டாக்டராச்சும் செய்வானா?" என்றார்.  முணுமுணுத்துக்கொண்டே மாட்டிவிட்டு, புது ரீடை ஒரு தீப்பெட்டியில் போட்டு என் கையில் வைத்தார்.

அவர் போன பிறகு அழுத்திப் பார்த்தேன். 'ஃபுஸ்.' அதே காற்று. பிள்ளை தூக்கத்தில் விடுகிற மூச்சு மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி, இனி வந்துவிடும் என்று உன் பாட்டை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரவில்லை.

ஒன்பது நாளாக வேலை முடிந்ததும் உட்காருகிறேன். வரவே இல்லை. பள்ளம் அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் அந்தச் சுரத்தை என் காதால் ஒருமுறை கேட்டுவிட்டேன் அல்லவா? இப்போது காற்று போகும்போதெல்லாம் அதற்குள் அந்தச் சத்தம் கேட்கிறது. பேசத் தெரிந்தவளை வாயைப் பொத்தி உட்கார வைத்ததுபோல இருக்கிறது.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, இசக்கி. பாட்டுக்காரி சென்னம்மா என்று இந்த ஊரில் பெயர். எங்கள் குடிலில் மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஹரிணியின் மாமியார் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் முதலில் அதைத்தான் சொல்கிறார். முப்பத்தொரு மெட்டையும் போட்டது நான்தானா? இல்லை, விரிசல் விட்ட ஒரு பித்தளைத் துண்டா? அது இழுத்த இழுப்புக்கெல்லாம் நான் விரலைக் கொடுத்துவிட்டு, எல்லாம் என் திறமை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேனா?

அப்படியென்றால் டிசம்பரில் நீ சீட்டுக் கட்டிக் கழித்தது ரீடை இல்லை. என்னைத்தான்.

உன் பாட்டு நன்றாக இருக்கிறது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சென்னம்மா

*

குந்தாரப்பள்ளி
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது ஆய்வு அறிக்கை. கடிதம் இல்லை. தங்கை எழுதுவதாக நினைத்தால் ஆறுதல் சொல்கிறேன் என்று ஒதுக்கிவிடுவீர்கள். ஆகவே ஆய்வாளர் எழுதுவதாகவே படியுங்கள்.

இங்கே சத்த ஆய்வு அறை என்று ஒன்று இருக்கிறது. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்து அடைத்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் என் இதயம் துடிப்பது எனக்கே கேட்கும். அங்கே உட்கார்ந்துதான் சக்கரங்களின் முனகலைக் கேட்டு நல்லது கெட்டது பிரிப்பேன். இந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறைக்குள் போய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நம் பாட்டுகளைக் கேட்டேன். முப்பத்தொன்றில் இருபத்திரண்டு பாட்டு என் போனிலும் பழைய மெமரி கார்டிலும் பதிவாகி இருந்தன.

கண்டது இது.

நீங்கள் அந்தக் கட்டையைச் சுற்றிக்கொண்டு போனதாக எழுதியிருந்தீர்கள். பாட்டு முழுக்க அப்படித்தான் போகிறீர்கள். ஆனால் கடைசி அடியில், பல்லவிக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால், பதினான்கு குரலும் நின்றுவிடுகிறது. துருத்தி நிற்பதில்லை. அந்த இடத்தில் 'ஃபுஸ்' கேட்கிறது. ஒரே ஒரு தடவை. பிறகு எல்லாரும் சேர்ந்து கீழே இறங்குகிறீர்கள்.

இருபத்திரண்டு பாட்டில் பத்தொன்பதில் இது இருக்கிறது. நிமிடம், நொடி எல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஒரு முறை என்றால் விரல் தவறியது என்பேன். இரண்டு முறை என்றால் பழக்கதோஷம் என்பேன். பேசாது என்று தெரிந்த கட்டைக்கு ஒருத்தி பத்தொன்பது பாட்டிலும் தேடிப் போய், எல்லாரையும் நிறுத்திவிட்டு, அழுத்திப் பார்த்துவிட்டு வருகிறாள் என்றால் அது தவறி நடந்தது இல்லை. அங்கே ஒரு சுரம் இருக்கவேண்டும் என்று உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதற்கென்று ஒவ்வொரு பாட்டிலும் இடம் போட்டு வைத்திருக்கிறீர்கள், பந்தியில் வராத ஆளுக்கு இலை போடுவதுபோல.

ரீடுக்கு இலை போடத் தெரியுமா அக்கா? அது நீங்கள் செய்தது.

முடிவு: மெட்டுப் போட்டவர் சென்னம்மா. குறை எதுவும் காணப்படவில்லை.

அறிக்கை இதோடு முடிந்தது. இனி தங்கை எழுதுகிறேன். எனக்குப் பல் கூசியது என்றேனே, அந்த 'ஃபுஸ்' இதுதான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நொடியைத்தான் நான் குறை என்று எழுதி டிக் போட்டேன். முதல் கடிதத்தில் பாதி மன்னிப்புத்தான் கேட்டேன். மீதிப் பாதியையும் இப்போது கேட்கிறேன். பத்தொன்பது வருடம் உங்கள் பக்கத்திலேயே நின்று தாளம் தட்டியும் அதைக் காதில் வாங்காமல் போனதற்கு.

இசக்கி

*

பாகலூர்
16.3.2025

அடி இசக்கி,

நீ நன்றாக இருப்பாய்.

உன் அறிக்கையை வெள்ளிக்கிழமை வேலைக்கு வரும் வழியில் படித்தேன். படித்துவிட்டுக் குடிலுக்குள் நுழைந்தேன். ரோஜா வரிசைக்கு நடுவில் நின்று கத்தரியை எடுத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலை போட்டேனாம்! வராத ஆளுக்கு! மாரம்மா அடுத்த வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனாயித்து அக்கா, என்னா ஆச்சு? பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருச்சா?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் முதல் அடியைப் பாடினேன். பெட்டி பக்கத்தில் இல்லை. கையில் கத்தரிதான் இருந்தது. 'ஆறு மணிச் சங்குக்கு முன் எழுந்தவளே.' ஒரு பூ. 'அரைத்தூக்கத்தில் பூ அறுத்தவளே.' இன்னொரு பூ. வரிசை முடிவதற்குள் மூன்று அடியும் வந்துவிட்டன. எங்கேயும் தேடவில்லை. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறபோது சருகையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வருமே, அப்படி வந்தது. மாரம்மா பின்பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கம் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் மெஷினை நிறுத்திவிட்டான்.

முதல் மூன்று அடியில் மத்திமமே இல்லை, இசக்கி. வழக்கம்போல அதைச் சுற்றித்தான் போகிறேன். நான்காவது அடி 'வந்தவள் நீதானே' என்று ஏறி, நேராக அதன் வாசலுக்குப் போய் நிற்கிறது. எல்லாரும் நிற்கவேண்டிய இடம். இத்தனை வருடம் அங்கே காற்றை வைத்தேன். இந்தப் பாட்டுக்குக் காற்றுப் போதாது. ஆள் வரவேண்டும்.

தீப்பெட்டியைத் திறந்து உன் புது ரீடை எடுத்தேன். கோவிந்தப்பனுக்குப் போன் செய்தேன். வந்தார். உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "இது பொட்டியாம்மா, பஸ் ஸ்டாண்டா? ஒருத்தன் ஏர்றான், ஒருத்தன் எறங்கறான். இன்னொரு வாட்டி தொறந்தா திருகாணி நிக்காது, ஆமா" என்றார். இதுதான் கடைசி என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

இப்போது உன் வேலை. 'வருக வருகவே' எனக்கு வேண்டாம். மந்திரி வருகிற ஊரில் வளைவு கட்டி எழுதுவார்களே, அப்படி இருக்கிறது. நான் அந்த ஒரு சுரத்தில் நிற்கப்போகிறேன், மூச்சு உள்ளவரைக்கும். அங்கே உட்கார ஒரே ஒரு எழுத்து வேண்டும். நெடில். வாயைத் திறந்தபடி நிறுத்துகிற நெடில்.

உகாதி முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைதான். காலை ஒன்பது மணிக்கு மாரியம்மன் கோயில் மைதானத்தில். தாளம் போட ஆள் இல்லை.

உன் அக்கா

*

குந்தாரப்பள்ளி
25.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்த அன்று இங்கே சந்தை. மாடுகளுக்கு நடுவில் நின்று படித்தேன். ஒருவர் என்னைப் பார்த்து, "எந்த மாடும்மா புடிச்சிருக்குது?" என்று கேட்டார். எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு எழுத்துக்காக நான்கு நாள் உட்கார்ந்தேன். நாற்பது வார்த்தை எழுதி நாற்பதையும் அடித்தேன். கடைசியில் மிஞ்சியது இதுதான்:

வந்தவள் நீதானே, வா.

ஞாயிறுக்கு என்னால் வரமுடியாது அக்கா. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்களுடைய ஆடிட். சத்த ஆய்வு அறைக்கு நான்தான் பொறுப்பு. மாற்றிக்கொடுக்க ஆளில்லை. கேட்டுப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன்.

தாளத்தை சுவேதாவிடம் கொடுங்கள். சின்னப் பெண், நாலாவது அடியில் அவசரப்படுவாள். கண்ணாலேயே ஒரு அதட்டு அதட்டுங்கள்.

அந்த இடத்தில் எல்லாரும் நிற்கும்போது, நானும் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இசக்கி

*

பாகலூர்
31.3.2025

என் இசக்கிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன்னிடமிருந்து தொற்றிக்கொண்டது.

மைதானம் நிறைந்துவிட்டது. வேப்பம்பூவும் வெல்லமும் கொடுக்கிற இடத்தில் வரிசை தேர் நிறுத்தும் தேர்முட்டி வரைக்கும் நின்றது. மைக் செட்காரன் எங்கள் பெயரைச் சொன்னதும் வழக்கம்போல முன்வரிசைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பதினான்கு பேரும் ஏறி உட்கார்ந்தோம். என் இடது உள்ளங்கையைப் பெட்டி மூலையில் வைத்தேன். வார்னிஷ் வழுக்கியது. 'இருக்கட்டும், இன்னும் இருபது வருடம் தேய்க்கலாம்' என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று அடிக்கும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் பூ கம்பெனிப் பெண்கள் நிமிர்ந்தார்கள். அது அவர்களைப் பற்றிய பாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. 'அரைத்தூக்கத்தில் பூ அறுத்தவளே' என்றதும் பின்னாலிருந்து ஒரு விசில். பெண் அடித்த விசில்.

நான்காவது அடி. ஏறினோம். 'வந்தவள் நீதானே.' நிறுத்தினோம். சுவேதா அவசரப்படவில்லை.

அழுத்தினேன்.

இத்தனை வருடம் ஊமையாக இருந்த கட்டை அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்தது, இசக்கி. எவ்வளவு தெளிவாக! ஸ்பீக்கரில் அது கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கள் பெண்களே ஒரு நொடி பாட மறந்து என் கையைப் பார்த்தார்கள், ஒத்திகையில் பதினைந்து முறை கேட்டிருந்தும். அப்புறம் மாரம்மா 'வா' என்று எடுத்தாள். பிறகு எல்லாரும். நான் துருத்தியை விடவில்லை. கை வலிக்கும் வரைக்கும் விடவில்லை.

இறங்கி முடித்தோம். நான் துருத்தியை மூடப் போனேன். அதற்குள் ஒருவர் "இன்னொந்து சல!" என்று கன்னடத்தில் கத்தினார். இந்தப் பக்கமிருந்து "இங்கோசாரி!" என்று தெலுங்கில். "மறுபடி பாடுங்கக்கா!" என்று அந்த விசிலடித்த பெண். முன்வரிசைப் பெரியவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று முறை பாடினோம். மூன்றாவது முறை நாங்கள் 'வா'வைப் பாடவே இல்லை. நான் கட்டையை மட்டும் அழுத்தினேன். மைதானமே பாடியது.

அப்போதுதான் பார்த்தேன். வேப்பம்பூத் தட்டு வைத்திருந்த மேசைக்குப் பின்னால் ஒரு நீலச் சட்டை. கழுத்தில் கம்பெனி அட்டை. இரைச்சலுக்குக் காதில் மாட்டும் கருவியைக் கழற்ற மறந்து கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். வாயைத் திறந்தபடி. உன் நெடிலில் நீயே நின்றுகொண்டிருந்தாய்.

நான் எழுந்திருப்பதற்குள் முனிராஜ் ஹாரன் அடித்தார். நீ ஓடினாய். மாரம்மா மைக்கிலேயே, "ஏ இசக்கி, ஆடிட்டர உக்கார வெச்சிட்டு ஓடியாந்தியா? போ போ, பத்திரமா போ!" என்று கத்தினாள். ஊரே சிரித்தது. நீ திரும்பிக் கையைக் காட்டியதை நான் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து, ஒரு பாட்டுக்கு நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். வெளிநாட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள்? வேலைக்கு ஒன்றும் பங்கமில்லையே? அதை உடனே எழுது. இல்லை, போன் செய். போனில் அடைத்து வைத்திருந்த உன் எண்ணை நேற்று மத்தியானமே திறந்துவிட்டேன்.

இன்று காலையில் டீ போடும்போது ஒரு மெட்டு வந்தது. குடிலுக்கு நடக்கும்போது இன்னொன்று. இரண்டுக்கும் வார்த்தை இல்லை. ஒன்று மத்திமத்தில் தொடங்குகிறது. முதல் சுரமே அதுதான். நான் கனவிலும் நினைத்ததில்லை.

கடைசியாக ஒன்று. பழைய ரீடை நான் தூக்கிப் போடவில்லை. உன் சிவப்புச் சீட்டோடுதான் வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் கோவிந்தப்பன் அதைப் பெட்டியின் மேல்பலகைக்கு உள்பக்கம் இரண்டு சின்ன ஆணி அடித்துப் பொருத்திக் கொடுத்தார். திருகாணியைத் தொடவில்லை என்று மூன்று முறை சொன்னார். மூடியைத் திறக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

சீட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மூன்றாவது கட்டத்தில், 'அப்படியே ஏற்றுக்கொள்' என்பதற்கு நேராக, டிக் போட்டிருக்கிறேன். டிக் அடிப்பது அவ்வளவு சுலபமான வேலை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆய்வாளர் இடம் காலியாக இருக்கிறது. தபாலில் அனுப்பாதே. வந்து போடு.

அக்கா
சென்னம்மா